இன்னொரு அடுக்கு

ஊசி ஏறிய கொஞ்ச நேரத்தில் மூக்கு காணாமல் போனது. சண்முகவடிவு தொட்டுப் பார்க்கக் கையைத் தூக்கினாள். நர்ஸ் அதைப் பிடித்துத் துணிக்கு அடியில் வைத்து, "மௌசி, ஹாத் நீச்சே" என்றாள். முகம் முழுவதும் பச்சைத் துணி, மூக்குக்கு மட்டும் ஓட்டை. வலப்பக்கத்தில் ஏதோ இழுபட்டது. வலி இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ பெட்டியை நகர்த்துவதுபோல் எங்கோ நடந்தது.

"வலிக்கறதா அம்மா?" என்று டாக்டர் சாதனா கேட்டாள்.

"இல்ல."

"வலிச்சா உடனே சொல்லுங்கோ. தாங்கிக்க வேண்டாம்."

தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. கத்தி போகிறது, பஞ்சு வருகிறது, சூடுவைத்து ரத்தத்தை அடைக்கும்போது ஒரு கருகல் வாடை. அந்த வாடை தன் மூக்கிலிருந்தே கிளம்பி, தன் மூக்குக்கே வந்து சேருகிறது என்பது அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

நாலு வருஷமாக அந்த இடம் ஆறுவதும் புண்ணாவதுமாக இருந்தது. மூக்குத்தி ஓட்டைக்கு ஓரத்தில், கடுகு அளவில், மினுமினுவென்று ஒரு பரு. நகம் பட்டால் ரத்தம். பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி பொருக்கு. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: மூக்குத்தி சேரவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்ணுக்கு மூக்கில் என்ன வந்தாலும் முதல் குற்றவாளி மூக்குத்திதான். தாராவி ஆசாரி ஏழுகல் மூக்குத்தியைக் கழற்றி உரசிப் பார்த்து, செம்பு கூடிப்போச்சு என்றார். ஒற்றைக்கல்லுக்கு மாறினாள். ஆறுகிற மாதிரி ஆறி, மழைக்காலத்தில் மறுபடி கசிந்தது. திருகாணி சரியில்லை என்றார். திருகாணியை மாற்றினாள். வேப்பெண்ணெய், மஞ்சள், கடைசியில் சுண்ணாம்பு. சுண்ணாம்பு வைத்ததும் அது வெந்து, கறுத்து, கழன்று விழுந்து புதுத்தோல் வந்தது. ஒழிந்தது சனியன் என்று நிம்மதியாக இருந்தாள். மேலே தோல் மூடிக்கொண்டது. கீழே அது தன்பாட்டுக்குப் பரவிக்கொண்டிருந்தது.

மூக்குத்தியை அடியோடு கழற்றி வைத்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. புருஷன் உயிரோடு இருக்கும்போது மூக்கை மூளியாக விடுவார்களா?

புருஷன் உயிரோடுதான் இருந்தார், ரயிலில் ஒன்றரை மணி தூரத்தில், அம்பர்நாத்தில். பிரம்மநாயகம் அங்கே ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாய்லர் பார்க்கிறவர். ரொம்ப வருஷமாக நாகலக்ஷ்மி என்பவளோடு அங்கேயே குடித்தனம். மாதத்தில் நாலு நாள் தாராவிக்கு வருவார். சாப்பிடுவார், தூங்குவார், குழம்பில் உப்பு என்பார், போவார். இப்படித்தான் என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிக்கவில்லை. சுவரில் ஈரம் ஏறுகிற மாதிரி அதுவாக ஏறியது. மகன் வெங்கடேஷ் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். இப்போது புனேயில் வேலை.

"முடிஞ்சுது அம்மா. மொத ரவுண்டு" என்றாள் சாதனா. துணியை எடுத்ததும் வெளிச்சம் குத்தியது. முப்பது வயதுகூட இருக்காது டாக்டருக்கு. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பம். தமிழ் பேசுவாள், படிக்கத் தடுமாறுவாள். ஒரு சின்னத் தட்டில் நகத்துண்டு அளவில் சதை கிடந்தது. அதன் ஓரங்களுக்கு ஒருத்தன் குச்சியால் மை தடவிக்கொண்டிருந்தான், ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு.

ஏன் மை என்று போன வாரமே சொல்லியிருந்தாள். "மேலே பொட்டு அளவுதான் தெரியறது. உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. மெல்லிசா ஒரு லேயர் எடுப்பேன். அதை உறைய வெச்சு, சீவி, மைக்ராஸ்கோப்ல ஓரம் பூரா பார்ப்பேன். எந்த ஓரத்துல மிச்சம் இருக்கோ அங்கே மட்டும் இன்னொரு லேயர். மை இருந்தாத்தானே எது எந்தப் பக்கம்னு தெரியும்? நல்ல தோலை வீணா எடுக்க வேண்டாம் பாருங்கோ."

"எத்தன தடவ?"

"அது எனக்கே தெரியாது. உள்ளே போய்ப் பார்த்தாத்தான்."

"கேன்சரா?"

"கேன்சர்தான். உயிரை எடுக்கற ரகம் இல்லை. ஆனா விட்டா மூக்கைத் தின்னுண்டே போகும். அப்புறம் கண்."

"மூக்குத்தியாலயா?"

"மூக்குத்தி பாவம், அது ஒண்ணும் பண்ணலை. வெயிலா இருக்கலாம், வயசா இருக்கலாம்."

கேட்டதும் அவளுக்கு வந்தது பயம் இல்லை, கணக்கு. எத்தனை நாள் கடைக்குப் போக முடியாது?

கடை என்றால் கடை இல்லை. மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குப் போகிற ரோட்டில், நடைபாதை ஓரமாக ஒரு சாக்கு விரிக்கிற இடம். மல்லி, கனகாம்பரம், சாமிக்கு மாலை. பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது. தினம் வந்து உட்காருவதுதான் பத்திரம். மூன்று நாள் சாக்கு விரிக்காவிட்டால் நாலாம் நாள் வேறொருவர் கூடை வைக்கலாம். அந்த ரோட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சட்டம் அது. அவளே அந்த இடத்தை அப்படித்தான் பிடித்தாள், பிரசவத்துக்கு ஊருக்குப் போன ஒருத்தியிடமிருந்து. அவள் கைக்குழந்தையோடு திரும்பி வந்து நின்றாள். சண்முகவடிவு நிமிர்ந்து பார்க்காமல் பூவைக் கட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்து இடத்தில் வாழை இலை விற்கும் கணேசபாண்டியன் இப்போது தன் மச்சினனுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறான். அவனிடம் மூன்று நாள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மூக்கில் பெரிய கட்டோடு அவளை வெளி ஹாலில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். எதிரே காதில் கட்டோடு ஒரு பார்சிக் கிழவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இதே வேலைதான். பக்கத்து நாற்காலியில் மடியில் டிபன் கேரியரோடு நாகலக்ஷ்மி.

துணைக்கு ஆள் இல்லாமல் செய்ய மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வெங்கடேஷுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன் என்றான். காலையில் செம்பூர் ஸ்டேஷனில் அப்பாவுக்குப் பதிலாக இவள் இறங்கி வந்தாள். சண்முகவடிவு இத்தனை வருஷத்தில் அவளை ஒரு தடவைதான் பார்த்திருந்தாள், மாமியார் இழவு வீட்டில், கூட்டத்துக்கு அந்தப் பக்கம். அப்போது ஒல்லியாக இருந்தாள். இப்போது முழங்கால் வலிக்காரியின் நடை.

"யக்கா, காப்பி குடிக்கியளா? உறிஞ்சு குழாயும் வாங்கியாந்திருக்கேன்."

"வேண்டாம். நீ என்னத்துக்கு வந்த?"

"அவியதான் வாறதா இருந்திச்சு. சட்டையெல்லாம் மாட்டியாச்சு. ரத்தம்கித்தம் வருமான்னு கேட்டாவ. வராமப் பின்னன்னேன். தலைய சுத்துதுன்னு படுத்துட்டாவ."

"வெட்டுறது எம் மூக்கயில்லா?"

"அதத்தான் நானும் கேட்டேன். ஒங்களயா வெட்டப் போறாவன்னு. போர்வைய இழுத்து மூடிக்கிட்டாவ."

சிரிப்பு வந்தது. ஆனால் முகத்தில் பாதி வரவில்லை. உதடு ஒரு பக்கம் மட்டும் ஏறி நின்றது. சண்முகவடிவு அதைக் கையால் மூடிக்கொண்டாள். இவளிடம் சிரிக்க வேண்டும் என்று என்ன தலையெழுத்து.

நாகலக்ஷ்மியே பேச்சை எடுத்தாள். "எனக்கும் பூக் கட்டத் தெரியும்க்கா. எங்க ஊரு சங்கரன்கோயிலுக்குப் பக்கம். சின்னப் பிள்ளையில பள்ளிக்கூடம் விட்டு வந்தா அதான் வேல."

சண்முகவடிவு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். "இதயும் கண்ணு வச்சாச்சா?"

நாகலக்ஷ்மியின் முகம் மாறவில்லை. இதைப் போன்றவற்றைக் கேட்டுக் கேட்டுத் தடித்துப்போன முகம். "சும்மா சொன்னேன்" என்று கேரியரைத் திறந்து மூடினாள்.

பார்சிக் கிழவரைக் கூப்பிட்டார்கள். போனவர் உடனே திரும்பினார். முடிந்ததாம், தையல் மட்டும்தான் பாக்கியாம். ஒரே ரவுண்டு. ஹாலில் இருந்த எல்லோருக்கும் கை கொடுத்தார். சண்முகவடிவுக்கும் கொடுத்தார். கை வெதுவெதுப்பாக இருந்தது. இந்தக் கிழம் என்ன புண்ணியம் பண்ணியது என்று அவள் நினைத்தாள்.

அவளுக்கு ஒரே ரவுண்டில் முடியவில்லை. சாதனா ஒரு தாளோடு வந்தாள். தாளில் மூக்குப் படம், அதில் நீலமும் சிவப்பும். "இந்தப் பக்கம் க்ளீன். இங்கே இன்னும் இருக்கு." சிவப்புக் கோடு மூக்கின் வளைவை ஒட்டி ஓடியது. மறுபடி மேஜை, மறுபடி ஊசி, மறுபடி யாரோ பெட்டியை நகர்த்தினார்கள். மறுபடி ஹால். நாகலக்ஷ்மி தயிர்சாதத்தைக் குழைத்து நீட்டினாள். சண்முகவடிவு இரண்டு வாய் வாங்கிக்கொண்டாள், மருந்து வாங்குவதுபோல. மேலுதட்டில் சோறு ஒட்டியிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. நாகலக்ஷ்மி முந்தானையால் துடைத்ததும் தெரியவில்லை. துடைத்து முடித்த கை விலகும்போதுதான் பார்த்தாள்.

இரண்டாவது தடவை சாதனா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். டாக்டர் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை.

"இன்னும் இருக்கு அம்மா. உள்ளே ரொம்ப தூரம் போயிருக்கு. சுண்ணாம்பு வெச்சேளே, மேலே தழும்பு மூடிண்டதுல அது அடியில ஓடியிருக்கு. அடுத்த லேயர் எடுத்தா மூக்கோட இந்த வளைவு முழுக்கப் போயிடும்."

"அப்புறம்?"

"புதுசாப் பண்ணணும். நெத்தித் தோலை இறக்கி மூக்குல தெச்சு வைப்பேன். அதுக்கு ரத்தம் ஓடணும் இல்லையா, அதனால ஒரு முனை நெத்தியோடயே இருக்கும். மூணு வாரம். அப்புறம் வெட்டி விட்டுடலாம்."

"தும்பிக்க மாதிரியா?" என்றாள் நாகலக்ஷ்மி.

சாதனாவுக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள். "கிட்டத்தட்ட."

"கடைக்கு எப்போ போலாம்?" சண்முகவடிவு கேட்டாள்.

"ரோட்டோரம், வெயில், தூசி… ரெண்டு மாசம் கூடாது."

"இத்தோட நிறுத்தித் தச்சு விட்டா?"

"ஒரு வாரத்துல போலாம். ஆனா மிச்சம் உள்ளேயே இருக்கும். இப்போ மூக்கு. அடுத்த தடவை நீங்க வரச்சே கண்ணு ஓரம் வந்திருக்கும். நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனா உங்களைக் கட்டி இழுத்துண்டு போகவும் முடியாது. யோசிங்கோ."

அவள் போனதும் சண்முகவடிவு எழுந்தாள். யோசிப்பதற்கு என்ன இருக்கிறது. செருப்பை மாட்டினாள், பையை எடுத்தாள், லிப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினாள். பின்னால் கேரியரின் கிணுகிணுப்பு வந்துகொண்டே இருந்தது. வெளியே செம்பூர் ரோடு வெயிலில் வெந்தது. ஆட்டோக்காரன் ஒருத்தன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தாமல் போனான். அடுத்தவனும் போனான்.

"நீ அம்பர்நாத்துக்குப் போ" என்றாள் சண்முகவடிவு.

"போறேன். அவியகிட்ட என்ன சொல்லணும்னு சொல்லிருங்க."

"முடிஞ்சிட்டுன்னு சொல்லு."

"முடியலியே."

"என்னட்டி வேணும் ஒனக்கு? நான் செத்தா ஒனக்கு நல்லதுதான? பங்கு போட ஆளு இல்ல."

நாகலக்ஷ்மி கேரியரை நடைபாதையில் வைத்தாள். முதல் தடவையாக அவள் குரல் ஏறியது. "என்ன நல்லது? மாசத்துல நாலு நாளு ஒங்க வீட்டுக்கு வாராவல்லா, அந்த நாலு நாளுதான் நான் காலை நீட்டித் தூங்குதேன். மத்த நாளு பூரா நொய்யி நொய்யின்னு. சோறு கொழைஞ்சிட்டு, ஃபேன் கிரீச்சுங்கு, துண்டு காயல. நீங்க போயிச் சேந்துட்டா முப்பது நாளும் என் தலையிலயில்லா விடியும்! எனக்கு ஒங்க மூக்கும் வேண்டாம், பூவும் வேண்டாம். நீங்க இருக்கணும். கண்ணோட இருக்கணும்."

சண்முகவடிவு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல வருஷமாக இந்தப் பெண்ணுக்காகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் உண்டு. பூக் கட்டும்போது ஒவ்வொன்றாக எடுத்துத் தீட்டி வைப்பாள். இப்போது தேடினால் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. அந்த ஆளின் துண்டு. அது காயாததற்குத் தானும் பேச்சு வாங்கியிருக்கிறாள்.

"எடம் போயிரும்" என்றாள். "ரெண்டு மாசம். அந்த எலக்கடக்காரன் நாளைக்கே மச்சினனக் கொண்டாந்து ஒக்கார வச்சிருவான்."

நாகலக்ஷ்மி கேரியரைக் கையில் எடுத்தாள். சொல்லக்கூடிய பதில் அவளிடம் இருந்தது. பூக் கட்டத் தெரியும் என்று காலையில் ஒரு தடவை சொல்லிப் பேச்சு வாங்கியாகிவிட்டது. மறுபடி அவளாகச் சொல்ல மாட்டாள். அதைச் சண்முகவடிவுதான் கேட்க வேண்டும். வெயில் கட்டின் மேல் விழுந்தது. கட்டுக்கு அடியில் சூடு தெரியவில்லை, குளிர் தெரியவில்லை, அங்கே ஒன்றும் இல்லை. ஊசியின் வேகம் குறைவதற்குள் உள்ளே போய்விட்டால் இன்னொரு ஊசி மிச்சம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

"எத்தன மணிக்கு எந்திரிப்ப?"

"அவியளுக்கு மொத ஷிப்டுன்னா நாலுக்கு."

"தாதர் மார்க்கெட்டுக்கு அஞ்சுக்குள்ள போயிரணும். நஜ்முன்னிசான்னு கேளு, உதிரி மல்லி அவகிட்டதான் வாடாம இருக்கும். எம் பேரச் சொல்லு." இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். "அம்பர்நாத்துல இருந்து வந்து போவ முடியாது. தாராவியில எங் கோலி, அந்த ஒத்த ரூமு, அதுலயே படு. சாக்கு, நாரு, கூட எல்லாம் கதவுக்குப் பின்னால இருக்கு."

"அவியளுக்குச் சோறு?"

"கையி இருக்கில்லா?"

நாகலக்ஷ்மி சாவியை வாங்கி முந்தானையில் முடிந்தாள். அதில் நன்றியும் இல்லை, சந்தோஷமும் இல்லை. வேலைக்கு ஆள் எடுத்த மாதிரி இருந்தது. இருவரும் படியேறி மேலே போனார்கள். முழங்கால் வலிக்காரி நடுவில் இரண்டு தடவை நின்றாள். சண்முகவடிவும் நின்றாள்.

மூன்றாவது அடுக்கில் மூக்கின் வளைவு போனது. காத்திருந்தார்கள். சாதனா தாளோடு வந்தபோது படத்தில் சிவப்பு இல்லை. "க்ளீன்" என்றாள். நாகலக்ஷ்மி கை கூப்பினாள். சண்முகவடிவு சரி என்பதுபோல் தலையாட்டினாள். பிறகு ரொம்ப நேரம் தைத்தார்கள். நெற்றியில் தோலைக் கீறி மடித்து இறக்குவது அவளுக்கு வெறும் சத்தமாகத்தான் தெரிந்தது. துணிக்கு அடியில் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். பச்சையாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

அன்று அங்கேயே படுக்க வைத்தார்கள். விடியும்போது ஊசி முழுக்க இறங்கி, நெற்றி விண்விண்ணென்று தெறித்தது. வலி வந்த பிறகுதான் முகம் எங்கிருந்து எங்கே வரை இருக்கிறது என்று தெரிந்தது. காலையில் நர்ஸ் மாத்திரை கொடுத்துக் கண்ணாடி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள். போன் அடித்தது. கணேசபாண்டியன்.

"யக்கா, எப்படி இருக்கு? நல்லா ஆச்சா?"

"ஆச்சு."

"இல்லக்கா, ஒங்க எடத்துல ஒரு பொம்பள வந்து ஒக்காந்திருக்கா. எந்திரின்னா எந்திரிக்க மாட்டேங்கா. ஆள வச்சித் தூக்கிருவமா?"

"நீ எதுக்கு எந்திரிக்கச் சொன்ன?"

"ஒங்களுக்காவத்தான். யாருன்னு கேட்டா ஒங்க தங்கச்சிங்கா. ஒங்களுக்கு ஏது தங்கச்சி?"

சண்முகவடிவு கூரையைப் பார்த்தாள். தங்கச்சி என்று விட்டுவிடலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் இந்த ரோடு இரண்டு நாளில் உண்மையைத் தோண்டிவிடும். அப்புறம் அதை வைத்தே அவளை எழுப்பி விடும்.

"தங்கச்சி இல்ல. எம் புருசனுக்கு ரெண்டாம் பொண்டாட்டி. நாந்தான் ஒக்காரச் சொன்னேன். ரெண்டு மாசம் அவதான் ஒக்காருவா. எல்லார்ட்டயும் சொல்லிரு."

போனுக்குள் மாட்டுங்கா ரோடு கேட்டது, ஹாரன், கோயில் மணி, யாரோ கனகாம்பரம் கேட்கிற சத்தம். அந்தக் கேள்விக்கு நாகலக்ஷ்மி ஹிந்தியில் பதில் சொல்வதும் கேட்டது. தப்பும் தவறுமான ஹிந்தி, ஆனால் கூச்சம் இல்லை.

"சரிக்கா" என்றான் கடைசியில். "நான் என்னத்த சொல்ல."

"வேபாரம் போகுதா?"

"போகுது. பாதிக் கூட காலி."

அதற்குள்ளா? சண்முகவடிவு ஒரு கையால் கட்டிலைப் பிடித்துக் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தாள். நெற்றியிலிருந்து மூக்கு வரை தொங்கிய சதை இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மொழம் எப்படி அளக்கா?"

"கைய முழுசா நீட்டி, விரல் நுனி தாண்டியும் விடுதாக்கா. பொம்பளைய எல்லாம் அவகிட்டதான் நிக்காளுவ."

"போன அவகிட்ட குடு" என்றாள் சண்முகவடிவு.